சத்தம் போடாத சப்வூஃபர்

அத்தியாயம் 5

"மணி மூணு. அஞ்சுக்குள்ள யாருன்னு நீங்க சொல்லணும். சொல்லலேன்னா சமையலக்கா இன்னிக்கே கிளம்ப வேண்டியதுதான். பதினோரு வருஷம் இருந்தாளேன்னெல்லாம் நான் பார்க்க மாட்டேன்."

சவுண்டு சார் இதைச் சொன்னபோது சமையலக்கா சமையலறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். கையில் ட்ரே. ட்ரேயில் எங்களுக்கு டீ. தன்மேல் குற்றம் கண்டுபிடிக்க வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொண்டுவர எனக்கெல்லாம் மனசு வராது. அதனாலேயே அவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

எனக்கு எல்லோர்மேலும் சந்தேகம் வரும். அதற்குத்தான் மேடம் எனக்குச் சம்பளம் தருகிறார். மேடம் இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ். ஆபீஸ் என்றால் இரண்டு மேஜை, ஒரு ஃபேன், நான். என் பெயர் ரம்பம். பெற்றவர்கள் வைத்ததில்லை; ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று மேடம் வைத்தது.

"சரி சார், செத்தது யாரு?" என்று கேட்டேன்.

சவுண்டு சார் ஹாலின் மூலையில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினார். முழங்கால் உயரம். முன்பக்கம் துணி போர்த்திய வட்டம். சப்வூஃபர். பாட்டு கேட்கும்போது தும் தும் என்று நெஞ்சில் இடிக்குமே, அந்தச் சத்தமெல்லாம் இதிலிருந்துதான் வரும். பேச்சு, வயலின், குருவி மாதிரி மெல்லிசான சமாசாரங்களுக்கு இரண்டு பக்கமும் ஒல்லியாக இரண்டு ஸ்பீக்கர்கள் நின்றன.

"பதினெட்டு நாளா இதுல சத்தம் இல்ல. முப்பது வருஷமா சவுண்டு இன்ஜினியரா இருக்கேன். படத்துக்குச் சத்தத்தைக் கலந்து குடுக்கிறது என் தொழில். இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு கடல் படம் முடிக்கணும். கப்பல், அலை, திமிங்கிலம், எல்லாமே அடிச் சத்தம். வீட்ல இதுல கேட்டுப் பார்த்துத்தான் நான் அளவு வைப்பேன். இது இல்லாம கண்ணைக் கட்டிக்கிட்டு கார் ஓட்டுற மாதிரி இருக்கு."

"மெக்கானிக்கைக் கூப்பிட்டீங்களா?" என்றார் மேடம்.

"மூணு தடவை வந்தான். நான் ஸ்டூடியோவுல இருக்கிற நேரமாப் பார்த்து வந்து சரி பண்ணிட்டுப் போறான். நான் வந்து போட்டா மறுபடியும் செத்துக் கிடக்கு. பொறுக்க முடியாம நானே பெட்டியைத் தூக்கிட்டு அவன் கடைக்குப் போனேன். அங்க ஓடுது. வீட்டுக்கு வந்தா ஓடல. இதுக்கு என்ன அர்த்தம்? யாரோ வேணும்னே பண்றாங்க."

சோபாவின் ஓரத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த ஒரு துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"வீட்ல நாங்க மூணு பேர்தாங்க," என்றார் மெதுவாக.

"அதான் சொல்றேன். நான் பண்ணல. இவளுக்கு ரிமோட்ல டி.வி. போடவே வராது. அப்ப மிச்சம் யாரு?" சவுண்டு சார் சமையலறைப் பக்கம் கையை நீட்டினார். "பெட்டி இடிச்சா தலை வலிக்குதுன்னு போன மாசம் அவளே சொன்னா."

மேடம் டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டார். கரண்ட் வந்துகொண்டிருந்தது. சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. சத்தம் உள்ளே வந்து சேர்ந்தால் அது பச்சையாகும் என்றார் சவுண்டு சார். வயர் கெட்டியாகச் செருகியிருந்தது. சத்தக் குமிழ் பாதியில் நின்றது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. மேடம் எழுந்து, ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் ஆம்ப்ளிஃபயரின் ரிமோட்டை வாங்கினார். டி.வி. திரையில் அதன் மெனுவை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார். ஏழாவது பக்கத்தில் நின்றார்.

சப்வூஃபர்: இல்லை.

"இந்த வீட்ல சப்வூஃபரே கிடையாதுன்னு ஆம்ப்ளிஃபயர்கிட்ட யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. அது நம்பிடுச்சு. சத்தத்தை இந்தப் பக்கம் அனுப்பவே இல்ல."

"பாத்தீங்களா!" சவுண்டு சார் துள்ளி எழுந்தார். "ஃபோன்ல வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டிருப்பா! இவ பண்றது இது ஒண்ணுதான்னு நினைக்காதீங்க. போன வாரம் தண்ணி மோட்டாரைப் போட்டுட்டு சொல்லாம கொள்ளாம கடைக்குப் போயிட்டா. டேங்க் ரொம்பி வழிஞ்சு படியெல்லாம் வெள்ளம். நான் பக்கத்து ரூம்லதான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். எனக்கே தெரியாத மாதிரி அவ்வளவு கமுக்கமா மோட்டாரைப் போட்டுட்டுப் போயிருக்கா."

"மோட்டாரை எப்படி சார் கமுக்கமா போடறது?" என்று கேட்டேன். எனக்கும் கற்றுக்கொள்ள ஆசையாக இருந்தது.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். வழக்கமாக முறைக்கிற பார்வை இல்லை அது. மேஜையிலிருந்த நோட்டு ஒன்றை எடுத்தார். சவுண்டு சார் தான் கேட்கிற ஒவ்வொன்றையும் தேதி, நேரம் போட்டு அதில் எழுதி வைக்கிறவர். அது அவர் தொழில் பழக்கம்.

"இதை நான் கொஞ்ச நேரம் வெச்சுக்கலாமா? ஆமா, அந்தக் கடல் படம் எந்த அளவுல இருக்கு?"

"முதல் பகுதி திரும்பி வந்துடுச்சு. இடி ஜாஸ்தியாம், காது கிழியுதாம். டைரக்டருக்கு என்ன தெரியும்? வீட்ல இது ஓடியிருந்தா எனக்கு அளவு பிடிபட்டிருக்கும்."

"அந்தப் பகுதியை இங்கதான் கலந்தீங்களா?"

"இல்ல, ஸ்டூடியோவுல. ஏன்?"

"சும்மாதான்," என்றார் மேடம். மேடம் சும்மா கேட்டு நான் பார்த்ததில்லை.

சமையலறைக்குப் போனோம். சமையலக்கா கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தப் பெட்டியோட வயரைக் கழட்டினது நீங்களா?"

"இல்லம்மா."

"மெனுவுல கைவெச்சது?"

"அது என்னான்னே எனக்குத் தெரியாதும்மா. தூசி தட்டுவேன், அவ்ளோதான்."

"அப்ப யாருன்னு தெரியுமா?"

அக்கா குழாயை இன்னும் பெரிசாகத் திறந்தார். "தெரியாதும்மா."

வெளியே வந்ததும் நான் ஆரம்பித்தேன். "மேடம், கவனிச்சீங்களா? 'இல்ல'ன்னு சொல்றப்ப உங்க மூஞ்சியைப் பார்த்தாங்க. 'தெரியாது'ன்னு சொல்றப்ப பாத்திரத்தைப் பார்த்தாங்க."

"கவனிச்சேன். முதல்ல சொன்னது நிஜம். ரெண்டாவது பொய். வா, மாடிக்குப் போகலாம்."

"மாடிக்கு எதுக்கு?"

"கீழ பெட்டி இடிச்சா அவதிப்படறது மேல இருக்கிறவங்கதானே?"

மேல் வீட்டில் ஒரு பல் டாக்டரம்மா. கதவைத் திறந்து விஷயத்தைக் கேட்டதும் எங்களைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் எனக்குச் சந்தேகம் இடம் மாறிவிட்டது. தரை அதிர்ந்து அதிர்ந்து நொந்துபோனவர். கீழ் வீட்டுச் சாவிகூட இவரிடம் ஒன்று இருக்கலாம். ஆள் இவர்தான் என்று மனசுக்குள் கையில் விலங்கு மாட்டியே விட்டேன்.

"பதினெட்டு நாளா நிம்மதியா இருக்கேன்," என்றார் டாக்டரம்மா. "அதுக்கு முந்தி நான் எழுதாத புகார் சீட்டு இல்ல. எழுதிக் கதவுக்கடியில தள்ளிட்டு வருவேன். மருந்துச் சீட்டு மாதிரி எல்லாத்துக்கும் நகல் உண்டு."

நகல் புத்தகத்தை மேடம் கையில் கொடுத்தார். கடைசிச் சீட்டு: 'ஞாயிறு, காலை 10.15. தரை அதிர்கிறது. அலமாரியில் டம்ளர்கள் நடந்து போகின்றன. தயவுசெய்து குறைக்கவும்.'

"இதுதான் கடைசி. அன்னிக்கு மாதிரி என்னிக்குமே இடிச்சதில்ல. வால்யூமைத் திருகி முழுசா ஏத்திட்டார் போல. அப்புறம் என்ன நினைச்சாரோ, அன்னியிலிருந்து கப்சிப்."

மேடம் சவுண்டு சாரின் நோட்டைப் பிரித்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே ஞாயிறு. 'காலை 10.10. கப்பல் வரும் காட்சி. சப்வூஃபரில் சத்தம் இல்லை. வால்யூம் முழுசாக ஏற்றியும் இல்லை.'

என் மூளை கொஞ்சம் நின்று திணறியது. "மேடம், சத்தம் கீழ கிளம்பி, கீழ யாருக்கும் தெரியாம மாடிக்கு மட்டும் போயிருக்கு. திருட்டுச் சத்தம்."

"கீழ யாருக்கும் தெரியலைன்னு யாரு சொன்னா, ரம்பம்? கீழ மூணு பேர் இருக்காங்க. நமக்கு ஒருத்தர் எழுதினதுதான் தெரியும்."

படியில் இறங்கும்போதே மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் அவன் குரல் நன்றாகவே கேட்டது.

"ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கோளாறு மேடம். முதல் தடவை வயர் கழண்டிருந்துச்சு. மாட்டினேன், ஓடுச்சு. அடுத்த தடவை வயர் நல்லா இருக்கு, குமிழைப் பூஜ்யத்துல வெச்சிருக்காங்க. மூணாவது தடவை ரெண்டும் சரி, பின்பக்க ஸ்விட்சை அணைச்சிருக்காங்க. இன்னும் எது எதையெல்லாம் மாத்தினா சத்தம் நிக்கும்னு கேட்டாங்க. மெனுவையும் காட்டிக் குடுத்தேன்."

"யாரு கேட்டது? சமையலக்காவா?"

"அவங்க டீ குடுத்துட்டுப் போயிடுவாங்க. வீட்டம்மாதான் பக்கத்துலயே நின்னு எல்லாத்தையும் கேட்டுக்குவாங்க. நான் வர்ற நேரத்தைச் சொல்றதும் அவங்கதான்."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டி.வி. போடத் தெரியாத வீட்டம்மா! துண்டை மடித்து மடித்துப் பிரித்த அந்தக் கைகள்! புருஷன் செய்கிற வேலையைத் திட்டம் போட்டுக் கெடுத்துவிட்டு, பழியைச் சமையல்காரம்மா தலையில் கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மேடம் இன்னும் ஃபோனை வைக்கவில்லை. "சார் கடைக்கு வந்தாரே, அப்ப பெட்டி ஓடுச்சா?"

"ஓடுச்சாவா? என் கடை ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடிச்சு மேடம். சார் துணியைக் கழட்டிட்டு உள்ள கையை வெச்சுப் பார்த்தார். 'ம், அதிருது'ன்னார். எடுத்துட்டுப் போயிட்டார்."

"கையை வெச்சா?"

"ஆமா. கடையில ஒரே இரைச்சல், காதுல ஒண்ணும் விழலைன்னார். அன்னிக்கு என்னமோ தெருவே காலியாத்தான் இருந்துச்சு."

மேடம் ஃபோனை வைத்தார். இரண்டு படி இறங்கினார், நின்றார். அவர் முகத்தில் கேஸ் பிடிபட்ட சந்தோஷம் துளிகூட இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"வீட்டம்மாதான் மேடம். போய் நேரா கேட்டுடலாம்."

"அவங்கதான். ஏன்னு பார்க்கணும். இப்ப நான் சொல்றதைச் செய். உன் டீ கப்பை, சாஸர், கரண்டி எல்லாத்தோடயும் அந்தப் பெட்டி மேல வை. அப்புறம் என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதே. இன்னிக்கு ஒரு நாள் மட்டும், ரம்பம்."

நாலரை மணிக்கு எல்லோரும் ஹாலில் இருந்தோம். சவுண்டு சார் சோபாவில். வீட்டம்மா அவர் பக்கத்தில். சமையலக்கா வாசலில், தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்து நின்றுவிட்டார். மேடம் சொன்னபடி நான் கப்பை வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினேன்.

மேடம் இரண்டு ஒல்லி ஸ்பீக்கர்களின் வயரையும் பிடுங்கினார். "இப்ப பெட்டி மட்டும் தனியா. வேற எதுலயும் சத்தம் வராது." ரிமோட்டை எடுத்து ஏழாவது பக்கத்துக்குப் போனார். 'இல்லை' என்பதை 'உண்டு' என்று மாற்றினார்.

வீட்டம்மாவின் கையிலிருந்து துண்டு நழுவியது. "வேண்டாம் மேடம்," என்றார். கெஞ்சுகிற குரல்.

"எதுக்கு வேண்டாம்கிறே? போடட்டும்," என்றார் சவுண்டு சார். "கப்பல் காட்சியைப் போடுங்க."

மேடம் பட்டனை அழுத்தினார்.

திரையில் தூரத்தில் கப்பல் வந்தது. பெட்டியின் விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. முதலில் என் உள்ளங்காலில் தெரிந்தது. பிறகு நெஞ்சுக்கூட்டில் ஏறியது. கும்மென்று, கனமாக, ஒரு பெரிய இன்ஜினின் உறுமல் ஹாலை நிறைத்தது. ஜன்னல் அதிர்ந்தது. மேல் வீட்டில் யாரோ தரையைத் தட்டினார்கள். பெட்டி மேலிருந்த கப் சாஸரோடு ஆட, கரண்டி கிணுகிணுவென்று நடுங்க ஆரம்பித்தது.

சவுண்டு சார் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் எரிச்சல் ஏறியது.

"யாருய்யா அது கரண்டியை ஆட்டுறது? நிறுத்துங்க! நான் கேக்கணும்!"

எனக்குச் சகலமும் விளங்கியது. விளங்காமலே போயிருக்கலாம் என்று தோன்றியது. வாயைத் திறக்காதே என்று மேடம் சொல்லியிருக்கவே வேண்டாம்; அன்றைக்கு எனக்கு அது தானாக மூடிக்கொண்டது.

சவுண்டு சார் கரண்டியைப் பார்த்தார். பக்கத்தில் யாருமே இல்லை. பச்சை விளக்கைப் பார்த்தார். எழுந்து போய்ப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கை வைத்தபடியே இருக்க, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து மனைவியிடம் நின்றார்.

"உனக்குக் கேக்குதா?"

வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

"அந்த ஞாயித்துக்கிழமை?"

"வீடே இடிஞ்சு விழற மாதிரி கேட்டுச்சுங்க," என்று உடைந்தார் வீட்டம்மா. "நீங்க பக்கத்துலயே நின்னுக்கிட்டு சத்தம் இல்லைங்கிறீங்க. எனக்கு உசுரே போயிடுச்சு. முப்பது வருஷம் காதை வெச்சே பொழைச்ச மனுஷன். பெட்டி கெட்டுப் போச்சுன்னு நீங்க நினைச்சா தாங்குவீங்க, காது கெட்டுப் போச்சுன்னா தாங்க மாட்டீங்க. நீங்க குளிக்கப் போனதும் வயரைப் புடுங்கினேன். மெக்கானிக் சரி பண்ணப் பண்ண நான் வேற வேற வழியா கெடுத்தேன். இந்தப் படம் மட்டும் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

மேடம் சத்தத்தை நிறுத்தினார். "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"வயசானா வர்றதுதானே மேடம். போனது போனதுதானேன்னு..."

"நான் டாக்டர் இல்லம்மா. ஆனா இன்ஷூரன்ஸ்ல காது கேஸ் நிறையப் பார்த்திருக்கேன். வயசுல போறது கொஞ்சம் கொஞ்சமாப் போகும். இப்படி அடிச் சத்தம் மட்டும் திடீர்னு ஒரு நாள்ல போச்சுன்னா அது வேற. சிலருக்கு மருந்து குடுத்தாத் திரும்ப வருது. ஆனா சீக்கிரம் போகணும். நாள் ஆக ஆக கஷ்டம்."

வீட்டம்மா சோபாவிலிருந்து எழுந்துவிட்டார். "பதினெட்டு நாள்... நானே... லேட் ஆயிடுச்சா மேடம்?"

"தெரியாது. பத்தொன்பது ஆக விடாதீங்க."

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். தரையைத் தட்டிய டாக்டரம்மா சண்டைக்கு இறங்கி வந்து, விஷயம் தெரிந்ததும் தன்னோடு படித்த காது டாக்டருக்கு அங்கேயே நின்று ஃபோன் போட்டார். அரை மணியில் வரச் சொன்னார்கள். நான் டாக்ஸி பிடித்து வந்தேன். சவுண்டு சார் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் சமையலக்காவுக்கு நேராக வந்து நின்றார்.

"நீ பார்த்தியா? அவ வயரைக் கழட்டினதை?"

"பார்த்தேன் சார். முதல் நாளே."

"ஏன் சொல்லல? வேலை போயிருக்குமே."

"அம்மா அழுதுக்கிட்டே புடுங்கினாங்க சார். எதுக்குன்னு எனக்கும் புரியல. அழுதுக்கிட்டு செய்றதைப் போய் எப்படி சார் போட்டுக் குடுக்கிறது?"

வீட்டம்மா சமையலக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னை அனுப்பப் போறார்னு தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கலையே. உன் தலையில விடியட்டும்னு விட்டுட்டேனே..."

"அதுக்கு நாளைக்கு வந்து சண்டை போடறேன்மா. நல்லாவே போடுவேன். இப்ப கிளம்புங்க, வண்டி நிக்குது."

சமையலக்கா தோளிலிருந்த பையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வந்து டாக்ஸியின் கதவைத் திறந்து பிடித்தார். பழைய டீசல் வண்டி. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கடகடவென்று உறுமிக்கொண்டு நின்றது. வீட்டம்மா முதலில் ஏறினார். சவுண்டு சார் பின்னால் ஏறி உட்கார்ந்து, டிரைவரின் முதுகைத் தட்டினார்.

"நேரமாச்சுப்பா. இன்னும் ஏன் வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருக்கே?"

டிரைவர் குழப்பத்தோடு திரும்பிப் பார்த்தார். வீட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சமையலக்காதான் குனிந்து, சாரின் முகத்துக்கு நேராக, நிதானமாகச் சொன்னார்.

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு சார். நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க."